இரண்டரை கிராம் செம்பு

10 கிராம் 18 காரட் தங்கத்தோடு எவ்வளவு சொக்கத் தங்கம் சேர்த்தால் அது 22 காரட் ஆகும்? கணக்கு வாத்தியாராக நான் ஆண்டுதோறும் கரும்பலகையில் எழுதும் கணக்கு இது. சேர்ப்பது எக்ஸ் கிராம் என்று வைத்துக்கொண்டால், 180 + 24எக்ஸ் = 220 + 22எக்ஸ். விடை 20 கிராம்.

விடை வந்ததும் பிள்ளைகள் நோட்டை மூடப் பார்ப்பார்கள். நான் விடமாட்டேன். கலந்திருந்த செம்பு என்ன ஆயிற்று? முதலில் 10 கிராமில் கால் பங்கு, அதாவது 2.5 கிராம். இப்போது 30 கிராமில் பன்னிரண்டில் ஒரு பங்கு. அதுவும் 2.5 கிராம்தான். விகிதம் இறங்கியது, செம்பு குன்றிமணியளவும் குறையவில்லை.

நான் மேல்சித்தாமூர் மடத்தைச் சார்ந்த சமணக் குடும்பத்தில் பிறந்தவன். செய்த பாவத்தைப் புண்ணியத்தால் ஈடுகட்டலாமா என்ற கேள்விக்கு எங்கள் சமயம் தரும் விடை எனக்கு இந்தக் கணக்கில்தான் துலங்கியது. வினை எங்களுக்கு உயிரில் வந்து ஒட்டும் நுண்பொருள். அது வந்து சேர்வது ஊற்று. வரும் வழியை அடைப்பது செறிப்பு. ஒட்டியதைத் தவத்தால் நீக்குவது உதிர்ப்பு. புண்ணியமும் வந்து ஒட்டுவதே. அதுவும் கட்டுதான்.

ஒன்பதாம் நூற்றாண்டில், ராஷ்டிரகூட மன்னன் அமோகவர்ஷன் காலத்தில் வாழ்ந்த சமணக் கணித அறிஞர் மகாவீராசாரியார், ‘கணித சார சங்கிரக’த்தில் பொன் கலப்புக்கு விதி தந்திருக்கிறார்: ஒவ்வொன்றின் எடையையும் மாற்றையும் பெருக்கிக் கூட்டி, மொத்த எடையால் வகுக்க வேண்டும். அந்நூலை 1912இல் சென்னையில் ரங்காசாரியார் ஆங்கில மொழிபெயர்ப்போடு பதிப்பித்தார். மகாவீராசாரியாரின் சமயம் வினையில் சிக்கிய உயிரை விளக்க எடுத்துக்கொண்டதும் மண்ணோடு கலந்த பொன்னைத்தான். மேலும் மேலும் பொன்னைக் கொட்டி அந்த மண்ணை நீக்க முடியாது. உலையில் வைத்துத்தான் பிரிக்க வேண்டும்.

தம்பியின் நிலத்தை அபகரித்த ஒருவர் ஊருக்கே அன்னதானம் செய்கிறார் என்று வைத்துக்கொள்வோம். உண்டவர்களின் பசி தீர்ந்தது மெய்; அந்த நன்மையை நான் மறுக்க மாட்டேன். ஆனால் பட்டா இன்னும் அண்ணன் பெயரில்தான் இருக்கிறது. இனி பிறர் பொருளைத் தொடுவதில்லை என்று நிற்பது செறிப்பு. நிலத்தைத் திருப்பி எழுதிக்கொடுத்து, அந்த இழப்பை மனம் கோணாமல் தாங்கும்போது உதிர்ப்பு தொடங்குகிறது.

நம் வாழ்வின் சராசரி மாற்றைப் பார்த்து நாம் நிம்மதி கொள்கிறோம். அந்தச் சராசரியால் தம்பிக்கு ஒரு சென்ட் நிலமும் திரும்பி வராது. அன்னதானம் தாராளமாக நடக்கட்டும்; பத்திரப் பதிவு அதற்கு முன்பே நடக்கட்டும்.