எந்த ஜமாஅத்?

சில ஆண்டுகளுக்கு முன் ஓர் ஊரில் நான் இமாமாகப் பணியாற்றிக் கொண்டிருந்தேன். ஒரு நாள் இஷாத் தொழுகை முடிந்து வெகு நேரம் சென்றபின் ஓர் இளைஞர் என் அறைக் கதவைத் தட்டினார். பிழைப்புக்காக அவ்வூருக்கு வந்து வாடகை வீட்டில் குடியிருந்த குடும்பம். அவருடைய தந்தை மவ்த்தாகி விட்டார். குளிப்பாட்டிக் கஃபனிட ஆள் வேண்டும், மையவாடியில் இடம் வேண்டும் என்று கேட்டு வந்திருந்தார்.

நான் கேட்ட முதல் கேள்வி, "எந்த ஜமாஅத்?" என்பதுதான்.

அவர் தம் சொந்த ஊர்ப் பள்ளிவாசலின் பெயரைச் சொன்னார். "அதைக் கேட்கவில்லை தம்பி, நீங்கள் எந்த ஜமாஅத்தைச் சேர்ந்தவர்கள்?" என்றேன். அவர் சற்று நேரம் விழித்துவிட்டு, "ஹஜ்ரத், அத்தா ஒரு நாளும் ஃபஜ்ரு ஜமாஅத்தைத் தவற விட்டதில்லை. எனக்குத் தெரிஞ்ச ஜமாஅத் அதுதான்" என்றார்.

வெட்கித் தலைகுனிந்தேன். மையித்தின் காரியங்கள் குறைவின்றி நடந்து முடிந்தன. ஆனால், அழுது வந்த பிள்ளைக்கு ஓர் ஆறுதல் சொல்லுமுன் என் நாவு ஏன் அக்கேள்வியைக் கேட்டது என்ற உறுத்தல் இன்றும் நீங்கவில்லை.

ஒரே சொல்லுக்கு நம்மிடையே மூன்று பொருள் இருக்கிறது. தோளோடு தோள் நின்று தொழுவது ஜமாஅத். தனித்துத் தொழுவதைவிட அது 27 மடங்கு சிறந்தது என்பது பெருமானார் (ஸல்) அவர்களின் வாக்கு. பள்ளிவாசலையும் மையவாடியையும் பராமரித்து, நிகாஹ் பதிவேட்டை வைத்திருக்கும் மஹல்லாவும் ஜமாஅத். ஒரு பணிக்காகவோ கொள்கைக்காகவோ திரண்ட அமைப்பும் ஜமாஅத். முதல் பொருளில் அச்சொல், பக்கத்தில் வந்து நிற்பவரைப் பெயர்கூடக் கேளாமல் சேர்த்துக் கொள்கிறது. மற்ற இரண்டிலும், "நீ யார்?" என்று கேட்டுக் கதவைச் சாத்தவும் அதே சொல் பயன்பட்டு விடுகிறது.

அப்படியானால் அமைப்புகளும் பெயர்களும் கூடவே கூடாதா? அவ்வாறு சொல்ல நமக்கு இடமில்லை. திருமறையைப் பாருங்கள். 'ஹிஸ்பு' என்றால் கட்சி. 58-வது அத்தியாயத்தில் 19-வது வசனம் ஷைத்தானின் கட்சியைப் பேசுகிறது. 22-வது வசனம் அல்லாஹ்வின் கட்சியைப் பேசுகிறது. 'ஷீஆ' என்ற சொல்லும் அப்படியே. இப்ராஹீம் (அலை) அவர்கள் நூஹ் (அலை) அவர்களின் வழிவந்த கூட்டத்தவர் என்று சொல்லுமிடத்தில் (37:83) அது சிறப்பு. மார்க்கத்தைப் பிளந்து பல கூட்டங்களாய்ப் போனவர்களைச் சொல்லுமிடத்தில் (6:159) அதுவே கண்டனம். சொல் ஒன்றுதான், அது எதற்காகக் கையாளப்படுகிறது என்பதில்தான் நன்மையும் தீமையும் இருக்கின்றன.

இதை விளக்கிக் காட்டும் ஒரு நிகழ்ச்சி ஹதீஸ் நூல்களில் உண்டு. ஒரு போர்ப் பயணத்தில் முஹாஜிர்களில் ஒருவர் அன்ஸாரி ஒருவரை அடித்துவிட்டார். அடிபட்டவர் அன்ஸாரிகளைக் கூவி அழைத்தார். அடித்தவர் முஹாஜிர்களைக் கூவி அழைத்தார். நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் அதைக் கேட்டு, இது அறியாமைக் காலத்துக் கூப்பாடு, இதை விட்டுவிடுங்கள், இது நாற்றமெடுத்தது என்று கண்டித்தார்கள்.

சகோதரர்களே! இவ்விடத்தில் சற்று நின்று சிந்திக்க வேண்டும். முஹாஜிர், அன்ஸார் என்பவை சாதாரணப் பெயர்களா? அல்லாஹ்வே புகழ்ந்துரைத்த பெயர்கள் அல்லவா (9:100)! ஹிஜ்ரத் என்ற தியாகத்திற்கும், உதவி என்ற ஈகைக்கும் அடையாளமான அப்பெயர்களே, ஒரு சகோதரனுக்கு எதிராக ஆள் திரட்டப் பயன்பட்டவுடன் நாறிப் போயின என்றால், நாம் வைத்துக் கொண்ட பெயர்கள் எம்மாத்திரம்?

"தவறான கொள்கையைத் தவறென்று சொல்லக் கூடாதா?" என்று சிலர் கேட்பர். தாராளமாகச் சொல்லலாம், ஆதாரத்துடன் சொல்லலாம். ஆனால் கொள்கையை எடைபோடுவது வேறு, பெயரைக் கேட்டதுமே ஆளை எடைபோட்டு விடுவது வேறு. முன்னதற்குக் கல்வி தேவை. பின்னதற்குக் கர்வம் ஒன்றே போதும். தத்தம்மிடம் இருப்பதைக் கொண்டு ஒவ்வொரு கட்சியாரும் பூரித்திருப்பதாகத் திருமறை (30:32) சுட்டிக் காட்டுவது இந்த நோயைத்தான்.

தன் கூட்டத்தாருக்கு உதவவே கூடாது என்றும் பொருளல்ல. அதே நிகழ்ச்சியைக் கூறும் முஸ்லிம் ஷரீஃபின் அறிவிப்பில், சகோதரன் அநியாயம் செய்தாலும் அநியாயத்திற்கு ஆளானாலும் அவனுக்கு உதவ வேண்டும், அநியாயம் செய்பவனைத் தடுப்பதே அவனுக்குச் செய்யும் உதவி என்று அண்ணலார் (ஸல்) அவர்கள் தெளிவுபடுத்தியதாக வருகிறது. எனவே, ஒருவர் தம் அமைப்பை உண்மையாக நேசிக்கிறாரா என்பதற்கு இதுவே உரைகல்: அது தவறு செய்யும்போது தடுக்கிறாரா, கைதட்டுகிறாரா?

வீட்டில் நாம் பேசுவதைப் பிள்ளைகள் கேட்டுக் கொண்டிருக்கிறார்கள். "அவங்க வேற ஜமாஅத்" என்று தாய் சொல்லும் ஒரு வார்த்தையில், பக்கத்து வீட்டுப் பிள்ளை அந்நியனாகி விடுகிறான். ஆகவே, இனி "எந்த ஜமாஅத்?" என்று கேட்க நாவு எழும்போது, முதலில் ஸலாம் சொல்வோம். பிறகு, "என்ன உதவி வேண்டும்?" என்று கேட்போம். அதற்குப் பின்னும் அக்கேள்வி தேவைப்பட்டால் கேட்டுக் கொள்ளலாம். பெரும்பாலும் தேவைப்படாது.

நம் உள்ளங்களை ஒன்றிணைத்து, ஒரே ஸஃப்பில் நிற்கும் பாக்கியத்தை வல்ல அல்லாஹ் நம் அனைவருக்கும் தந்தருள்வானாக! ஆமீன்.