விளையாட்டில் மோதுவது பாவமா?



"சுவாமி, செல்பேசியில் கார் பந்தயம் ஆடுவதைப் பாவசங்கீர்த்தனத்தில் சொல்ல வேண்டுமா?" என்று ஞானோபதேச வகுப்பில் ஒரு சிறுவன் கேட்டான். 2013-ல் வெளியான அஸ்பால்ட் 8 என்னும் அந்த விளையாட்டை நானும் வாங்கி ஆடிப்பார்த்தேன், படுதோல்விதான்! எதிரே வரும் வண்டியை மயிரிழையில் கடந்தால், வேகம் கூட்டும் நைட்ரோ சன்மானமாகக் கிடைக்கிறது. போட்டியாளனை மோதிக் கவிழ்த்தாலும் கிடைக்கிறது. நம் வண்டி நொறுங்கினாலோ, மறுநொடியே முழுசாய் வந்து நிற்கிறது. அந்த வண்டிகளுக்குள் ஆத்துமமுள்ள ஆள் எவருமில்லை. ஆகையால் பாவமன்று என்றேன். பண்ருட்டிச் சாலையில் பலாப்பழம் ஏற்றிவரும் வண்டிக்குள்ளோ ஆளுண்டு, அவனுக்குப் பிள்ளைகளுமுண்டு.

"மயிரிழையில் முந்துவதை முதன்முதல் எங்கே பார்த்தாய்?" என்றேன்.

"அப்பாவின் மோட்டார் சைக்கிளில் பின்னால் உட்கார்ந்து, சுவாமி" என்றான்.