பிள்ளையின் முகம்

தாய் தந்தையரை இழந்த பிள்ளைகளுக்காகப் பொருள் திரட்டப் புறப்படுவோர் மனிதரின் கையைத் திறப்பதற்குப் புதிய புதிய யுக்திகளைத் தேடுவது குற்றமன்று. கேட்டுக் கேட்டுச் சலித்த காதுகளுக்குப் பழைய வேண்டுகோள் எட்டாமற் போகும்போது, அவற்றை எட்டும் வழியொன்றைக் கண்டுபிடிப்பதும் அந்தத் தர்ம கைங்கரியத்தின் ஒரு பகுதியே. ஆயினும் அந்த யுக்தி எதனை முதலாக வைத்துத் தொழிற்படுகிறது என்ற கேள்வி ஒன்று உண்டு: கொடுப்பவரின் உழைப்பையா, ஊரின் விளைச்சலையா, அன்றி உதவி பெறப் போகும் அந்தப் பிள்ளையின் முகத்தையேயா? இந்தக் கேள்வியைக் கல்முனைக் கரையோரத்து ஊர்கள் சந்தித்தது போல வேறெந்த இடமும் சந்தித்திருத்தல் அரிது.

2004 டிசம்பர் 26 அன்று கடல் எழுந்து வந்தபோது, இலங்கையின் மாவட்டங்களுள் மிக அதிகமான உயிர்களைப் பறிகொடுத்தது அம்பாறையே. மருதமுனை, பாண்டிருப்பு, கல்முனைக்குடி, சாய்ந்தமருது, மாளிகைக்காடு, காரைதீவு, நிந்தவூர் என்று ஒன்றோடொன்று ஒட்டிக் கிடக்கும் அந்த ஊர்களை உள்ளடக்கிய மாவட்டத்தில், முஸ்லிம் என்றும் தமிழர் என்றும் பாராமல் பதினாயிரத்துக்கும் மேற்பட்டோர் மாண்டனர். அன்று கல்முனை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுவரப்பட்ட ஒரு கைக்குழந்தை, அனுமதிக்கப்பட்ட வரிசையில் எண்பத்தோராவதாக இருந்தமையால், ‘குழந்தை 81’ என்ற பெயரோடு உலகமெங்கும் பிரசித்தமாயிற்று. ஒன்பது தம்பதியர் அதற்கு உரிமை கோரினர் என்று வெளிநாட்டுப் பத்திரிகைகள் எழுதின. மரபணுப் பரிசோதனையின் பின், 2005 பெப்ரவரியில், நீதிமன்றம் அதனைப் பெற்றோரிடம் சேர்ப்பித்தது. அடுத்த மாதமே அக்குடும்பம் அமெரிக்கத் தொலைக்காட்சி நிகழ்ச்சியொன்றுக்காக நியூயார்க் அழைத்துச் செல்லப்பட்டது. அக்குழந்தையின் படத்தைக் கண்டு கண்ணீர் வடித்தவர்கள் எத்தனையோ பேர். ஆனால் அந்தக் கீர்த்தியினால் தமக்குப் பெருந்தொகை கிடைத்துவிட்டதென்று அயலார் நம்பியதையும், அதனாலேயே கிடைக்க வேண்டிய உதவியும் தடைப்பட்டதையும் பெற்றோர் பின்னாளில் பத்திரிகையாளரிடம் மனம் நொந்து கூறினர்.

இங்கே, பிள்ளையின் முகத்தைக் காட்டிப் பொருள் திரட்டலாம் என்போரின் நியாயத்தையும் அதன் முழுப் பலத்தோடு கேட்டாக வேண்டும். பசித்த பிள்ளைக்கு முதலில் வேண்டுவது சோறு. கௌரவம் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று அவர்கள் சொல்வார்கள். ஓராயிரம் பிள்ளைகள் என்ற எண்ணைக் கேட்டு அசையாத நெஞ்சம் ஒரு பிள்ளையின் கலங்கிய கண்ணைக் கண்டதும் அசைந்துவிடுகிறது. இது மனித சுபாவம். அந்த ஒரு படத்தை வெளியிட மறுத்தால் நூறு பிள்ளைகளின் பள்ளிச் செலவு வராமற் போகுமாயின், மறுப்பவர் தம்முடைய மன நிம்மதிக்காகப் பிள்ளைகளைப் பட்டினி போட்டவராக மாட்டாரா? இந்த வாதத்தை அலட்சியமாகத் தள்ளிவிடுதல் நேர்மையாகாது.

ஆயினும் இந்த வாதம் ஓர் உண்மையைக் கணக்கில் எடுக்கவில்லை. படத்தை வெளியிடுபவர் செலவிடுவது தம்முடைய பொருளையன்று; அது அந்தப் பிள்ளைக்கு உரிய பொருள், அதுவும் அப்பிள்ளைக்கு எஞ்சியிருப்பவற்றுள் ஒன்று. வளர்ந்தவர் ஒருவர் தம் துயரத்தைச் சபையில் எடுத்துரைக்க இசையலாம், மறுக்கலாம். ஏழு வயதுச் சிறுமிக்கு அந்தத் தெரிவு கிடையாது. சோற்றை நீட்டும் கையே படமும் பிடிக்கும்போது அவள் காட்டும் இசைவு இசைவாகுமா? மேலும் கல்முனை போன்ற நெருக்கமான ஊரில் முகமறியாதவர் என்று எவருமில்லை. ‘எத்தீம் பிள்ளை’, அதாவது அநாதைப் பிள்ளை, என்று ஒரு பதாகையின் கீழே நிறுத்தப்பட்டு, புத்தகப்பையைப் பெற்றுக்கொள்ளும் கோலத்தில் படமெடுக்கப்பட்டவள், அதே வீதியில்தான் பள்ளிக்கூடம் போவாள், அதே வீதியில்தான் மணமகளாவாள். பணம் ஒரு வருஷத்தில் செலவாகிவிடும். அந்தப் படமோ அவளோடு கூடவே வளரும்.

இந்தச் சங்கடம் நமக்கு மட்டும் உரியதன்று. கைவிடப்பட்ட குழந்தைகளுக்கென்று லண்டனில் தோமஸ் கோரம் என்ற கப்பற்றலைவர் 1739இல் அரச சாசனம் பெற்று நிறுவிய இல்லத்தில், இடம் போதாமையால், குழந்தையைச் சேர்க்க வந்த தாய்மார் ஒரு பையிலிருந்து நிறப் பந்தொன்றை எடுக்குமாறு செய்தார்கள்: வெள்ளை வந்தால் அனுமதி, கறுப்பு வந்தால் வெளியேற்றம். அந்தக் காட்சியைச் சீமாட்டிகள் வந்து நின்று பார்த்தார்கள். தாயொருத்தியின் நடுங்கும் கை கொடையாளருக்கு ஒரு வேடிக்கையாயிற்று. அதே இல்லத்துக்காகவே சங்கீத மேதை ஹாண்டெல் 1750இல் தம் ‘மெசாயா’வை இசைத்துப் பொருள் சேர்த்துக் கொடுத்தார், அது பிறகு ஆண்டுதோறும் நடைபெறும் வழக்கமாயிற்று. இரண்டும் ஒரே இல்லத்தின் வாசலில் நிகழ்ந்தவை. முன்னதிலே ஏழையின் துன்பம் விற்கப்பட்டது. பின்னதிலே கலைஞன் தன் வித்தையைக் கொடுத்தான், வந்தவர்கள் இசையைக் கேட்டுப் பணத்தைக் கொடுத்தார்கள், பிள்ளைகள் எவர் முன்னிலையிலும் அழ வேண்டியிருக்கவில்லை. கற்பனை வளமுள்ள நிதி திரட்டல் என்று ஒன்று உண்டென்றால் அதற்கு உதாரணம் இதுவே.

நமது கரையோரத்திலோ அதற்கு வேண்டிய சாதனங்கள் வெளியிலிருந்து வரவேண்டியதில்லை. வேளாண்மை வெட்டி, சூடடித்து, நெல் களத்தில் குவிந்திருக்கும் நாளிலேயே மார்க்கம் கடமையாக்கிய தர்மமான ஸக்காத்தின் பங்கு பிரிகிறது. வானத்து மழையை நம்பி விளைந்ததில் பத்திலொன்று, நீர்ப்பாய்ச்சி விளைந்ததில் இருபதிலொன்று. இந்தப் பங்கு வயற்சொந்தக்காரரான போடியாரின் தயாள குணத்தால் வருவதன்று. ஏழைக்கு உரிய பாத்தியம் என்றே மார்க்கம் அதனைக் கருதுகிறது. ஸக்காத்துக்கு உரியவர் என்று சொல்லப்பட்ட எட்டு வகையினருள் அநாதை என்ற பெயர் தனியே இல்லை. வறிய அநாதை, வறியவர் என்ற முறையிலேயே அதற்கு உரித்தாளியாகிறான். தனக்கு உரியதைப் பெற வருகிறவனிடம் முகத்தைக் காட்டு, கண்ணீரைக் காட்டு என்று கேட்பது எந்த நியாயத்தில் சேரும்? தர்மத்தை வெளிப்படையாகக் கொடுப்பதையும் நன்றென்று ஏற்கும் திருக்குர்ஆன், அதனை மறைத்து ஏழைக்குக் கொடுப்பதை அதனினும் மேலாக வைக்கிறது. கொடுக்கும் கையையே மறைப்பது சிறப்பென்றால், வாங்கும் முகத்தை மறைப்பது எத்துணை அவசியம்!

அடுப்பில் உலை வைக்கும்போதெல்லாம் ஒரு பிடியை ஒதுக்கிவைக்கும் பிடியரிசி என்னும் பழக்கம் தமிழ் பேசும் மக்களிடையே சாதி சமய பேதமின்றி வழங்கி வந்த ஒன்று. அதிலே கொடுப்பவளின் பெயரும் இல்லை, பெறுபவனின் பெயரும் இல்லை. காரைதீவிலே பிறந்து மட்டக்களப்புக் கல்லடியில் சிவானந்த வித்தியாலயத்தை எழுப்பிய விபுலாநந்த அடிகள், ஆதரவற்ற மாணவரையும் சேர்த்துப் படிப்பித்தார். மருதமுனைத் தறிகளில் நெய்யும் சாரமும் சேலையும் பெருநாட் சந்தையில் விற்கப்பட்டு, இலாபத்தின் ஒரு பங்கு பிள்ளைகளின் நிதிக்குப் போகலாம். இவற்றினும் மேலானது வக்பு. ஒரு கடையின் வாடகையோ ஒரு வயலின் விளைச்சலோ பிள்ளைகளுக்கென்று சாசுவதமாக எழுதிவைக்கப்படின், ஆண்டுதோறும் எவரிடமும் கையேந்த வேண்டியதில்லை. 1956ஆம் ஆண்டின் வக்புச் சட்டம் அதற்கு வேண்டிய பாதுகாப்பைக் கொடுத்துத்தான் இருக்கிறது.

லொத்தர்ச் சீட்டு விற்று அநாதை இல்லம் நடத்தலாமா என்ற கேள்விக்கு இவ்வூர்களில் நெடிய விசாரணை தேவையில்லை. சூது விலக்கப்பட்டது, நோக்கம் நல்லதாயினும் வழி நல்லதாகிவிடாது. இந்த ஒன்றில் இத்தனை உறுதியாக நிற்கும் சமூகம், பிள்ளையின் முகத்தைக் காசாக்கும் விஷயத்தில் மாத்திரம் தளர்ந்து நிற்பது வியப்பைத் தருகிறது.

படம் இல்லாவிட்டால் பணம் உரியவரைச் சேர்ந்ததா என்று கொடையாளர் எப்படி அறிவார் என்ற ஆட்சேபம் எஞ்சுகிறது. அறியும் உரிமை அவருக்கு நிச்சயமாக உண்டு. அநாதையின் சொத்தை அநியாயமாக உண்பவரை இறைவேதம் அத்தனை கடுமையாக எச்சரித்திருக்கும்போது, நிதியைப் பராமரிப்பவர் மேல் ஐயம் எழுவதும் இயல்பே. ஆனால் ஐயத்தைத் தீர்க்க வேண்டியது கணக்கு. அழுத கண்ணைக் காட்டி எந்த மோசடியும் இதுவரை நின்றுபோனதில்லை, மாறாக அநேக மோசடிகள் அதைக் காட்டியே நடந்திருக்கின்றன.

ஆகவே பள்ளிவாசல் நிர்வாகிகளுக்கும், ஊர்ச் சங்கங்களுக்கும், கடல் கடந்து உழைத்துப் பணம் அனுப்பும் சகோதரர்களுக்கும் ஒரு வேண்டுகோள். அடுத்த வேளாண்மை வெட்டுக்கு முன்னரே, உதவி பெறும் பிள்ளைகளின் பெயரையும் படத்தையும் வெளியிடுவதில்லை என்று கூடித் தீர்மானியுங்கள். வந்த தொகையையும் செலவான தொகையையும் ஒரு சதமும் விடாமல் எழுதி, ஜும்ஆவுக்கு வருவோர் அனைவரும் வாசிக்கும்படி பள்ளிவாசல் பலகையில் ஒட்டுங்கள்.