கோம்பை நாயும் ஆறாவது அறிவும்

உத்தமபாளையத்துக்கு மேற்கே, ராமக்கல்மேட்டின் அடிவாரத்தில் இருக்கிறது கோம்பை. செம்பழுப்பு உடம்பும் கறுத்த மூஞ்சியுமான நாட்டு நாய் இனம் ஒன்று இந்த ஊரின் பெயரைச் சுமக்கிறது. பன்றி வேட்டைக்கும் தோட்டக் காவலுக்கும் பேர்போன நாய் அது. மத்திய ரிசர்வ் போலீஸ் படை கோம்பை நாயைச் சேர்த்துக்கொண்டதைப் பிரதமர் 2020 ஆகஸ்டில் தன் வானொலி உரையில் குறிப்பிட்டார்.

காவல் நாயோடு பழகியவர் குரைப்பைவிட உடம்பைத்தான் கவனிப்பார். காது விடைத்து, வாய் மூடி, எடை முன்னங்காலுக்கு வந்துவிட்டால் நாய் எதையோ உறுதி செய்துவிட்டது என்று பொருள். முகத்தைத் திருப்பிக்கொண்டு உதட்டை நக்கினால், தூக்கம் வராத நேரத்தில் கொட்டாவி விட்டால், அது சங்கடப்படுகிறது. வாலாட்டுவதெல்லாம் நட்பும் இல்லை. உடம்பே வளைந்து குழைந்து ஆடும் வால் ஒன்று. விறைத்த உடம்பின் மேல் உயர்ந்து நின்று துடிக்கும் வால் வேறு. இரண்டாவதைப் பார்த்துக் கையை நீட்டுகிறவர் கடி வாங்குவார்.

இவ்வளவும் உடம்பு. உள்ளே ஒரு மனம் இருந்து இதைச் சொல்கிறதா? சொல்கிறது என்றால், நாம் கேட்பது அந்த மனத்தையா, நம்முடையதையா?

குறிப்பறிதல் என்ற ஒரே தலைப்பில் வள்ளுவர் இரண்டு அதிகாரங்கள் வைத்திருக்கிறார். ஒன்று அரசவைக்கு, இன்னொன்று காதலுக்கு. இரண்டுமே மனிதருக்குள் நடப்பவை. ஊகித்தது சரிதானா என்று அங்கே பிறகு கேட்டுத் தெளிந்துகொள்ளலாம். நாயிடம் அந்த வாய்ப்பு இல்லை. அதற்கு மனம் உண்டா என்பதே முதல் கேள்வி. தொல்காப்பியம் மரபியலில் உயிர்களை அறிவின்படி அடுக்குகிறது: தொடுவுணர்வு மட்டும் உள்ளவற்றில் தொடங்கி, சுவை, மூக்கு, கண், செவி என ஏறி, ஆறாவதாக மனம். விலங்குக்கு ஐந்து, மனிதருக்கு ஆறு என்பது பள்ளிக்கூடத்தில் படிக்கும் பாடம். ஆனால் நூல் அங்கேயே நின்றுவிடவில்லை. விலங்குகளிலும் ஒரு சாரார் ஆறறிவு உடையவை என்று ஒரு சூத்திரம் கதவைத் திறந்து வைக்கிறது. உரைகாரர் அதற்குக் கிளி, குரங்கு, யானை முதலியவற்றைக் காட்டுகிறார். மனிதரோடு எல்லாவற்றையும்விட நெருங்கி வாழும் நாய் அந்தப் பட்டியலில் பெயராக இல்லை. பேசும் கிளியும், கையுள்ள குரங்கும், துதிக்கையுள்ள யானையும் மனிதச் செயல்களைச் செய்து காட்டுகின்றன. நாய் செய்வது வேறு: அது நம்மைக் கவனிக்கிறது. அதை அறிவாகக் காண நமக்கு நெடுநாள் ஆயிற்று.

எவ்வளவு கவனிக்கிறது என்பதை நியூயார்க்கின் பர்னார்டு கல்லூரியில் அலெக்சாண்ட்ரா ஹோரோவிட்ஸ் 2009இல் வெளியிட்ட ஆய்வு காட்டியது. தின்பண்டத்தைத் தொடாதே என்று நாயிடம் சொல்லிவிட்டு வளர்ப்பவர் வெளியே போவார். திரும்பி வந்ததும், நாய் தின்றதா இல்லையா என்று அவருக்குச் சொல்லப்படும். சில முறை உண்மையாக, சில முறை பொய்யாக. தலை குனிந்து, காது மடித்து, வாலைத் தாழ்த்தும் அந்தக் 'குற்ற முகம்' தப்பு செய்த நாயிடம் கூடுதலாகத் தெரியவில்லை. திட்டு வாங்கிய நாயிடம்தான் கூடுதலாகத் தெரிந்தது. தின்னாமல் இருந்தும் திட்டு வாங்கிய நாய்களிடம் இன்னும் அழுத்தமாக. நாம் குற்றவுணர்வு என்று படித்தது, நம் கோபத்தை நாய் படித்ததன் அடையாளம்.

இதைவிடக் கலங்க வைப்பது 2011இல் கலிபோர்னியா பல்கலைக்கழக டேவிஸ் வளாகத்திலிருந்து வந்த ஆய்வு. போதைப்பொருளும் வெடிமருந்தும் தேடப் பழகிய 18 நாய்களும் அவற்றின் கையாளர்களும் ஒரு தேவாலயக் கட்டடத்தில் தேடினார்கள். அங்கே எந்த வாசனைப் பொருளும் வைக்கப்படவில்லை. சில இடங்களில் இருக்கிறது என்று கையாளர்களிடம் மட்டும் சொல்லப்பட்டிருந்தது. பெரும்பாலான தேடல்களில் 'கண்டுபிடித்துவிட்டது' என்ற அறிவிப்பு வந்தது. நாய் கையாளரின் உடம்பைப் படித்து நின்றதா, கையாளர் தம் நம்பிக்கையை நாயின் மேல் ஏற்றிப் படித்தாரா என்பதை அந்தச் சோதனை பிரித்துச் சொல்லவில்லை. 'இங்கே இருக்கிறது' என்று நாய் உட்கார்ந்ததை வைத்து ஒரு மனிதரின் பையைத் திறக்கும் அதிகாரம் இருக்கும் நாடுகளில் இது வெறும் தத்துவக் கேள்வியாக நிற்காது.

அதனால் நாயின் மனமே ஒரு கற்பனை என்று முடிவுகட்டுவது அவசரம். போடிமெட்டு வழியாக மூணாறு ஏறினால், அதற்கும் அப்பால் இருக்கிறது பெட்டிமுடி. 2020 ஆகஸ்ட் 6 இரவு அங்கே மலை சரிந்து, தேயிலைத் தோட்டத் தொழிலாளரின் வரிசை வீடுகளான லயங்களை மூடியது. 70 பேர் இறந்துபோனார்கள். அவர்களில் பெரும்பாலோர் தமிழ்க் குடும்பத்தினர். தேடுதல் தொடங்கி ஒரு வாரம் ஆன நிலையில், குவி என்ற வளர்ப்பு நாய் ஆற்றில் ஓரிடத்தைப் பார்த்தபடி நகராமல் நின்றது. மீட்புப் பணியாளர்கள் அந்த இடத்தில் தேடி, அது வளர்ந்த வீட்டின் இரண்டு வயதுக் குழந்தையின் உடலை எடுத்தார்கள். பிறகு போலீஸ் நாய்ப் பிரிவின் பயிற்சியாளர் ஒருவர் குவியைத் தம்மோடு வைத்துக்கொண்டார்.

குவி துக்கப்பட்டதா? பத்திரிகைகள் பட்டது என்றே எழுதின. அப்படி எழுதாமல் இருக்க யாராலும் முடியாது. ஆனால் அன்று அந்தப் பணியாளர்கள் செய்தது இன்னும் உயர்ந்தது. நாயின் நெஞ்சுக்குள் என்ன என்று அவர்கள் தீர்ப்பு எழுதவில்லை. அது பார்த்த திசையில் தாங்களும் பார்த்தார்கள். குறிப்பறிதலின் நேர்மை இதில்தான் இருக்கிறது. செங்கம் பக்கத்து எடுத்தனூர் நடுகல்லை வெட்டியவரிடமும் இதே அடக்கம் தெரிகிறது. பல்லவன் மகேந்திரவர்மனின் 34ஆம் ஆட்சியாண்டில் நட்ட கல் அது. எருமைகளைக் காக்கும் சண்டையில் இறந்த வீரனோடு அவன் நாயையும் செதுக்கி, கோவிவன் என்று அதன் பெயரையும் வெட்டியிருக்கிறார்கள். கள்ளரைக் கடித்தது, காத்து நின்றது என்று அதன் செயல் மட்டுமே பதிவாகியிருக்கிறது. விசுவாசம், பாசம் என்று ஒரு சொல்கூட இல்லை.

உள்ளே இருப்பது தெரியாதபோது நாய்க்கு நாம் பட்ட கடன் என்ன? மகாபாரதத்தின் மகாபிரஸ்தானிக பர்வத்தில், பின்தொடர்ந்து வந்த நாயை விட்டுவிட்டு வந்தால்தான் சொர்க்கம் என்கிறான் இந்திரன். தருமர் மறுக்கிறார். அந்த நாய் தர்மதேவதை என்பது அவருக்கு அப்போது தெரியாது. அவர் கண்டது, ஓர் உயிர் தன்னை அண்டி நடந்து வந்தது என்பதை மட்டும். கடமைக்கு அது போதுமானதாக இருந்தது.

இன்று வீட்டு வாசலில் சங்கிலியில் கிடக்கும் காவல் நாய்க்கும் அதுவே போதுமானதாக இருக்க வேண்டும். விலகிப் போவதுதான் நாயின் முதல் பேச்சு; சங்கிலி அதைப் பறித்துவிடுகிறது. மிச்சமிருப்பது முகம் திருப்பல், உதடு நக்கல், விறைப்பு, கடைசியாக உறுமல். குழந்தையைப் பார்த்து உறுமியது என்று அதை அடிக்கிறார்கள். அடி வாங்கிய நாய் உறுமுவதை விட்டுவிடலாம். ஆனால் குழந்தையிடம் அதற்கு உள்ள பயம் அப்படியே இருக்கும். அடுத்த முறை உறுமல் இல்லாமலேயே கடி வரும். பார்த்தவர்கள், நாய் ஒன்றுமே காட்டாமல் திடீரென்று கடித்துவிட்டது என்பார்கள்.