பட்டத்தின் கடன்

பேராக்கின் பழைய ரப்பர் தோட்டக் கதைகளில் வெள்ளைக்காரத் துரையைவிடத் தமிழ்க் கங்காணிதான் அதிகம் திட்டு வாங்குகிறார். விடியுமுன் பெரட்டுக் களத்தில் நின்று ஆள் எண்ணுவார். வேலைக்கு வந்த தலைக்கு இத்தனை காசு என்று அவருக்குத் தனி வரும்படி. காய்ச்சலில் கிடப்பவரையும் பால் வெட்டக் கிளப்பிவிட அது போதும். "நம்ம ஆளே இப்படிச் செய்யலாமா?" என்பதுதான் லயத்தின் ஆற்றாமை. துரையிடம் யாரும் அப்படிக் கேட்பதில்லை.

கறுப்பினக் குத்துச்சண்டை வீரர் ஜாக் ஜான்சன் மீதும் இதே புகார் உண்டு. அவருக்கு முன் பட்டம் வைத்திருந்த வெள்ளையர் ஜான் சல்லிவன், கறுப்பரான பீட்டர் ஜாக்சனோடு மோத மாட்டேன் என்று மறுத்தவர். அந்தத் தடையை உடைக்க ஜான்சன், அப்போதைய சாம்பியன் டாமி பர்ன்ஸைக் கண்டம் விட்டுக் கண்டம் துரத்தினார். 1908 டிசம்பர் 26இல் சிட்னியில் 14ஆவது சுற்றில் போலீஸ் குறுக்கிட்டுச் சண்டையை நிறுத்த, ஹெவிவெயிட் பட்டம் முதன்முதலாக ஒரு கறுப்பர் கைக்கு வந்தது.

பிறகு அவரே கதவைச் சாத்தினார். ஐந்தரை அடிக்குச் சற்றே கூடுதலான, தன்னைப் போலவே கறுப்பரான சாம் லாங்ஃபோர்டை 1906இல் 15 சுற்றுகள் மோதி வென்றிருந்தார். பட்டம் வந்தபின் மறுவாய்ப்பே தரவில்லை. பட்டத்தை வைத்து அவர் மோதிய ஒரே கறுப்பர் 1913இல் பாரிஸில் எதிர்த்த பேட்லிங் ஜிம் ஜான்சன்.

அவர் பக்கமும் நியாயம் இல்லாமலில்லை. அன்று கறுப்பர் இருவர் மோதினால் டிக்கெட் விற்காது. அவரை வீழ்த்த ஒரு நாடே காத்திருந்தது. 1913இல் வெள்ளையர் மட்டுமே இருந்த ஜூரி அவரைக் குற்றவாளி என்றது. பேராக்கில், ஈப்போவின் வெள்ளையர் கிளப்பில் கங்காணிக்கும் அன்று இடமில்லைதானே? தானே ஒற்றைக்காலில் நிற்பவரிடம் இனத்தையும் தூக்கிச் சுமக்கச் சொல்வது அதிகம். சல்லிவனிடம் கேட்காத கூலியை ஜான்சனிடம் கேட்பதும் ஒருவகை நிறபேதம்தான்.

ஆனால் லாங்ஃபோர்டுக்கு அவர் பட்ட கடன் இனக்கடன் அல்ல, தொழில்கடன். தகுதியோடு எதிரே வருபவரைச் சந்திப்பேன் என்பதுதான் பட்டத்தின் பொருள். அந்தக் கணக்கில் சல்லிவனும் ஜான்சனும் ஒரே தட்டில் நிற்கிறார்கள். கங்காணியின் பிழையும் அதுதான்: தன்னவரைக் கைவிட்டார் என்பதல்ல, நோயாளியின் தலைக்கும் காசு வாங்கினார் என்பது.

லாங்ஃபோர்டுக்கு 1917இல் ஒரு கண் பழுதானது. மற்றதும் மங்க மங்க, எதிராளியை உரசி நின்று இடம் கண்டு, 1926 வரை குத்தினார். 1944இல் ஒரு பத்திரிகையாளர் தேடிக் கண்டுபிடித்தபோது, ஹார்லெமில் சின்ன அறையொன்றில் பார்வையில்லாமல் தனியாக உட்கார்ந்திருந்தார்.