வழி விடுதலும் விலகி நிற்றலும்

தரம் 11 பிள்ளைகளுக்கு முதலாம் உலகப் போரைப் படிப்பித்துக்கொண்டிருந்தேன். பெல்ஜியத்தின் கதை வந்தபோது பின்வாங்கிலிலிருந்து ஒரு மாணவி எழுந்தாள். "சேர், கேட்ட மாதிரி வழிய விட்டிருந்தா அந்தச் சனமெல்லாம் பிழைச்சிருக்கும் தானே?" என்றாள். மணியடித்துவிட்டது. நாளைக்குச் சொல்கிறேன் என்று கூறிவிட்டு வெளியே வந்தேன். மணி அடித்திராவிட்டாலும் அந்த நேரத்தில் என்னிடம் பதில் இருக்கவில்லை.

நடந்ததை முதலில் பார்ப்போம். 1839இல் லண்டனில் கைச்சாத்தான உடன்படிக்கை பெல்ஜியத்தை நிரந்தர நடுநிலை நாடாக்கியது. பிரித்தானியா, பிரான்ஸ், பிரஷ்யா, ஆஸ்திரியா, ரஷ்யா ஆகிய ஐந்து வல்லரசுகளும் அதற்கு உத்தரவாதம் அளித்தன. 75 ஆண்டுகளின் பின்னர் காவல் நிற்பதாகச் சொன்னவர்களே இரு அணிகளாகப் பிரிந்து நின்றார்கள். பிரஷ்யாவின் இடத்தில் அப்போது ஜேர்மனி இருந்தது. 1914 ஓகஸ்ட் 2ஆம் திகதி மாலை ஜேர்மனியத் தூதுவர் ஒரு கடிதத்தைக் கையளித்தார். எங்கள் படைக்கு வழி விடுங்கள். போர் முடிந்ததும் வெளியேறிவிடுவோம், சேதத்துக்கு நட்டஈடும் தருவோம். மறுத்தால் நீங்கள் எங்கள் எதிரி என்பதே அதன் சாரம். பதில் சொல்ல 12 மணித்தியாலங்கள் மட்டுமே தரப்பட்டன.

மன்னர் முதலாம் அல்பேர்ட்டும் அமைச்சர்களும் இரவிரவாகக் கூடி மறுத்தார்கள். 4ஆம் திகதி படை உள்ளே நுழைந்தது. செய்வது சர்வதேசச் சட்டத்துக்கு மாறானது என்பதை அன்றைய தினமே ஜேர்மனியப் பிரதமர் பெத்மன் ஹொல்வெக் தமது நாடாளுமன்றத்தில் ஒப்புக்கொண்டார். ஒப்புக்கொண்டதனால் படை திரும்பிப் போய்விடவில்லை. ஓகஸ்ட் 23இல் டினான் என்ற சிறு நகரில் 674 பொதுமக்கள் கொல்லப்பட்டார்கள். 25ஆம் திகதி இரவு லூவெய்ன் பல்கலைக்கழக நூலகம் எரிக்கப்பட்டு இரண்டு இலட்சத்துக்கும் அதிகமான நூல்கள் சாம்பலாயின.

பக்கத்திலிருந்த லக்சம்பேர்க்கும் நடுநிலை நாடுதான். ஆனால், எதிர்த்து நிற்க அதனிடம் படை இல்லை. ஓகஸ்ட் 2இலேயே அது கைப்பற்றப்பட்டது. அரசி மரீ அடெலெய்ட் எழுத்தில் கண்டனம் தெரிவித்துவிட்டு அரண்மனையிலேயே இருந்தார். ஜேர்மனியப் பேரரசரை வரவேற்கவும் செய்தார். டினானில் நடந்தது அங்கே நடக்கவில்லை. ஆனால், போர் முடிந்ததும் சொந்த மக்களின் எதிர்ப்பினால் 1919 ஜனவரியில் அவர் முடி துறக்க நேர்ந்தது.

அப்படியானால் மாணவியின் கணக்குச் சரிதானா? உயிர்களை மட்டும் எண்ணினால் சரிபோலத்தான் தெரிகிறது. ஆனால், 1907ஆம் ஆண்டின் ஹேக் உடன்படிக்கை வேறொன்றைச் சொல்கிறது. நடுநிலை நாடு தன் மண் வழியாகப் போரிடும் படைகளைச் செல்ல விடக்கூடாது. அதை அது பலத்தினால் தடுத்தாலும் போரில் இறங்கியதாகக் கொள்ளப்படாது. எவ்வளவு நுட்பமான விதி! வழி விடுவது விலகி நிற்பதாகாது. நம் வளவுக்குள்ளால் போகிறவன் பக்கத்து வீட்டைக் கொளுத்தப் போகிறான் என்று தெரிந்தும் படலையைத் திறந்து கொடுத்தால் அந்தத் தீயில் நமக்கும் பங்குண்டு. வழி விட்டிருந்தால் பெல்ஜியம் பிரான்சுக்கு எதிரான போரில் சேர்ந்ததாகவே ஆகியிருக்கும்.

இதை எழுதும்போது எனக்கே சுடுகிறது. சில வருடங்களுக்கு முன் எங்களூரில் இரண்டு குடும்பங்களுக்கிடையில் எல்லைத் தகராறு வந்தது. பழைய வேலி எங்கே நின்றது என்பது எனக்குத் தெரியும். மத்தியஸ்தத்துக்கு அழைத்தபோது, "நான் ரெண்டு பக்கத்துக்கும் பொதுவான ஆள்" என்று சொல்லி ஒதுங்கிக்கொண்டேன். வேலி நகர்ந்தது. இழந்தது ஒரு கைம்பெண். என் மௌனத்துக்கு நான் சூட்டிய பெயர் நடுநிலை.

படையைத் தடுப்பதோடும் இந்த விசாரணை முடிந்துவிடுவதில்லை. இரண்டாம் உலகப் போரில் சுவிற்சர்லாந்துக்குள் எந்தப் படையும் நுழையவில்லை. அதே நாடுதான் 1938இல் ஜேர்மனிய யூதர்களின் கடவுச்சீட்டில் அடையாள எழுத்துப் பொறிக்க உடன்பட்டது; 1942 ஓகஸ்டில் உயிர் தப்பி வந்தவர்களுக்கு எல்லையை மூடியது. 1995இல் அதன் ஜனாதிபதி மன்னிப்புக் கேட்டார். சுவீடனோ விடுமுறையில் போய்வந்த ஜேர்மனியப் படையினருக்கு ரயில் பாதையைத் திறந்துவிட்டது. இரும்புத் தாதுவும் விற்றது. ஆனால், 1943 ஒக்டோபரில் டென்மார்க்கிலிருந்து படகேறி வந்த ஏழாயிரத்துக்கும் மேற்பட்ட யூதர்களை ஏற்றுக்கொண்டது. ஒன்று படைக்குக் கதவைச் சாத்தியது, அகதிக்கும் சாத்தியது. மற்றது படைக்கும் திறந்தது, அகதிக்கும் திறந்தது. இரண்டில் எதையும் முழுமையாக மெச்ச என்னால் முடியவில்லை. ஆயினும் ஒன்று தெளிவாகிறது. இரண்டு படைகளுக்கு நடுவில் நிற்க ஒரு நாட்டுக்கு உரிமை உண்டு. கொல்பவனுக்கும் ஓடுபவனுக்கும் நடுவில் அப்படியொரு இடம் கிடையாது.

மறுநாள் வகுப்பில் இவற்றையெல்லாம் விளக்கினேன். மாணவி பொறுமையாகக் கேட்டாள். பிறகு, "மறுக்கிறத்துக்கு முதல் அந்த டினான் சனத்திட்ட ஆராவது கேட்டாங்களா சேர்?" என்றாள்.

"இல்ல மகள், யாரும் கேட்கல்ல" என்றேன்.

மறுத்தது சரி என்றே இன்றும் நம்புகிறேன். ஆனால், அந்தச் சரிக்கு விலை கொடுத்தவர்கள் அதைத் தீர்மானித்தவர்கள் அல்லர். பெல்ஜியத்தைப் பற்றி இனிப் பேசும்போதெல்லாம் இவ்விரண்டையும் சேர்த்தே சொல்வதென்று முடிவு செய்திருக்கிறேன். அந்தக் கைம்பெண்ணின் வீட்டுக்கும் ஒருநாள் போக வேண்டும். வேலி நின்ற இடத்தைக் காட்ட வேண்டும்.