திரையில் தெரியும் நிறமும் தரமும்

துபையில் வாழும் என் மகள் 2022 கோடை விடுமுறையில் பிள்ளைகளுடன் ஊருக்கு வந்திருந்தாள். அங்கே பாகிஸ்தானியக் குடும்பங்களோடு பழகியதால் உருது நாடகங்களில் அவளுக்கு ஈடுபாடு மிகுதி. மத்ரஸாவில் உருது வழியாகவே பல பாடங்களைக் கேட்டவன் ஆதலால் எனக்கும் மொழி தடையாக இல்லை. சில இரவுகள் கூடத்தில் அமர்ந்து ‘பரீஸாத்’ என்னும் நாடகத்தை அனைவரும் பார்த்தோம். கறுத்த நிறமுடைய ஏழைக் கவிஞன் ஒருவனின் கதை அது. அதன் இறுதிப் பகுதி முடிந்ததும் பன்னிரண்டு வயதுப் பேத்தி என் பக்கம் திரும்பினாள். அவளும் என்னைப் போல் கறுப்பு. “நன்னா, கறுப்பா இருக்கிறவங்களைக் கண்ணு தெரியாதவங்கதான் விரும்புவாங்களா?” என்று கேட்டாள்.

நாற்பது ஆண்டுகளாக மாணவர்களின் ஐயங்களுக்கு விடை கூறி வருபவன் நான். அன்று உடனே விடை வரவில்லை. அந்தக் கேள்வி என்னை இட்டுச் சென்ற சிந்தனையையே ஈண்டு வாசகர் முன் வைக்கிறேன்.

பாகிஸ்தானிய நாடகங்களுக்கு நம் குடும்பங்களில் ஒரு நற்பெயர் உண்டு. 2014 முதல் 2016 வரை ‘ஜிந்தகி’ அலைவரிசை அவற்றை இந்தியாவில் ஒளிபரப்பியபோதும், பின்னர் இணையத்தில் பலர் பார்த்தபோதும் சொல்லப்பட்டது ஒன்றே: “கண்ணியமான நாடகங்கள், குடும்பத்துடன் பார்க்கலாம்.” ஆடையில் அடக்கம், உரையில் ஸலாம், ஆண்டுக்கணக்கில் இழுக்காமல் இருபது முப்பது வாரங்களில் முடியும் கதை. இவை உண்மையே. ஆனால் கண்ணியம் என்பது உடுப்பில் மட்டும் குடியிருப்பதன்று. ஒரு மனிதன் மற்றொரு மனிதனைப் பார்க்கும் பார்வையிலும் அது குடியிருக்கிறது. அந்தக் கண்ணியத்தைத் திரையில் தேடினோமா?

பாகிஸ்தானில் அரசுத் தொலைக்காட்சி 1964 இல் லாகூரில் தொடங்கிற்று. ஷவ்கத் சித்தீகியின் நாவலைத் தழுவி 1969 இல் வந்த ‘குதா கீ பஸ்தி’, கராச்சியின் ஏழைக் குடியிருப்பைக் கதையின் நடுவிலேயே நிறுத்தியது. அங்கே ஏழை, பணக்காரனின் கதைக்குள் தேநீர் கொண்டுவருபவன் அல்லன், கதையே அவனுடையது. 1979 இல் தொடங்கிய, அம்ஜத் இஸ்லாம் அம்ஜத் எழுதிய ‘வாரிஸ்’, பஞ்சாபின் நிலக்கிழார் ஒருவரின் ஆணவத்தை நாடறியக் காட்டியது. அது ஒளிபரப்பாகும் நேரத்தில் வீதிகள் வெறிச்சோடின என்று அக்காலத்தவர் இன்றும் நினைவுகூர்வர்.

2002 க்குப் பின் தனியார் அலைவரிசைகள் பெருகின. விளம்பரம் தரும் பணத்தில் நாடகம் வாழத் தொடங்கியது. கதையும் குடியிருப்பிலிருந்து மாளிகைக்குக் குடிபெயர்ந்தது. 2011 இல் வந்து புகழ்பெற்ற ‘ஹம்ஸஃபர்’ நாடகத்தைக் காண்க. எளிய குடும்பத்துக் கிரத், தாய்மாமனின் செல்வ மகனை மணக்கிறாள். மாமியார் அவளைத் தரம் குறைந்தவள் எனக் கருதி, அவதூறு சுமத்தி வெளியேற்றுகிறாள். இறுதியில் வஞ்சகம் வெளிப்பட்டுக் குடும்பம் ஒன்றுசேர்கிறது. 2012 இல் தொடங்கிய ‘ஜிந்தகி குல்ஸார் ஹை’யில் ஆசிரியையின் மகள் கஷஃப் அறிவாலும் உழைப்பாலும் அரசு அதிகாரியாகிறாள், செல்வக் குடும்பத்தில் மணமுடிக்கிறாள். நல்ல கதைகள்தாம், பெண்ணின் தன்மானத்தைப் பேசுபவைதாம். எனினும் இரண்டிலும் ஒன்றைக் கவனித்தேன். ஓர் ஏழைப் பெண் உயர்கிறாள். ஏழ்மை இருந்த இடத்திலேயே இருக்கிறது. கொடுமை ஒரு மாமியாரின் குணத்தில் வைக்கப்படுகிறது. அவள் வீழ்ந்ததும் வீடு தூய்மையாகிவிடுகிறது. ஆனால் அந்த வீட்டில் தட்டேந்தி நிற்பவள் அன்றும் நிற்கிறாள், இன்றும் நிற்கிறாள்.

வீட்டுவேலை செய்யும் பெண்ணைக் கராச்சியில் ‘மாஸி’ என்பர். தாயின் உடன்பிறந்தவள் என்பது அச்சொல்லின் பொருள். பெயரில் சின்னம்மா, இருக்கையில் தரை. நாடகங்களில் இந்த மாஸி பெரும்பாலும் சிரிக்க வைப்பதற்கோ, ஒட்டுக்கேட்பதற்கோ, சேதி கடத்துவதற்கோ வருகிறாள். அவளுக்கு ஒரு வீடுண்டு, மகளுண்டு, மனக்கவலையுண்டு என்பதைக் காட்டும் காட்சி அரிது. பஞ்சாப் மாகாணம் 2019 இல் வீட்டுப் பணியாளர் சட்டம் இயற்றியது. பதினைந்து வயதுக்குட்பட்டவரை வேலைக்கு அமர்த்தலாகாது என்றது. அவர்களை ‘வேலைக்காரர்’ என அழைக்காமல் ‘வீட்டுப் பணியாளர்’ என்றே அழைக்க வேண்டும் என்றும் கூறியது. எப்படி அழைப்பது என்பதைக்கூடச் சட்டம் போட்டுச் சொல்லும் நிலை ஒரு முஸ்லிம் சமுதாயத்துக்கு ஏற்பட்டதே என்பது நம் நெஞ்சை உறுத்த வேண்டும்.

இனி நிறத்துக்கு வருவோம். ‘பரீஸாத்’ 2021 இல் தொடங்கி 2022 இல் முடிந்தது. ஹாஷிம் நதீம் எழுதியது. ‘பரீஸாத்’ என்றால் தேவதைக்குப் பிறந்தவன். பெயரைக் கேட்டவர்கள் ஆளைப் பார்த்து நகைக்கிறார்கள். அவனோ அடக்கமும் அறிவும் உள்ளவன். பின்னர் பெருஞ்செல்வம் அவனை வந்தடைகிறது. நகைத்த உலகம் வணங்குகிறது. கண்பார்வையற்ற ஒரு பெண் அவன் உள்ளத்தை நேசிக்கிறாள். அவளுக்குப் பார்வை கிடைக்கவிருக்கும் வேளையில், தன் முகத்தைக் கண்டு வெறுப்பாளோ என அஞ்சி அவன் விலகிச் செல்கிறான். பார்வை பெற்ற பின்னும் அவள் அவனை ஏற்கிறாள். நிறவெறியைச் சாடவே எழுதப்பட்ட கதை இது. எழுதியவரின் நோக்கம் நல்லதென்றே நம்புகிறேன்.

ஆயினும் அந்தக் கறுத்த மனிதனாக நடித்தவர் கறுப்பர் அல்லர். முகத்துக்கு மை பூசி நடித்தார். இதை அந்நாட்டிலேயே பலர் கண்டித்தனர். கராச்சியின் லியாரியிலும் சிந்துவிலும் மக்ரான் கரையிலும் ஆப்பிரிக்க வழிவந்த ஷீதி மக்கள் தலைமுறைகளாக வாழ்கின்றனர். 1843 இல் ஆங்கிலேயரை எதிர்த்துச் சிந்துவுக்காகப் போரிட்டு உயிர்நீத்த ஹோஷ் முஹம்மது ஷீதி அவர்களில் ஒருவர். 2018 இல் தன்ஸீலா கம்ப்ரானி என்னும் ஷீதிப் பெண்மணி சிந்து சட்டமன்றத்தில் அமர்ந்தார். நாட்டுக்காக உயிர் கொடுத்த கூட்டத்தில் ஒருவரைக் கதைத் தலைவராகக் காண்பது இன்றும் அரிதாகவே உள்ளது.

நாடகத்தின் இடைவேளையில் முகப்பூச்சு விளம்பரம் வருகிறது. 2020 இல் பெயர்பெற்ற பூச்சு ஒன்று ‘ஃபேர்’ என்னும் சொல்லை நீக்கிக் ‘குளோ’ எனப் பெயர் மாற்றிக்கொண்டது. சொல் மாறிற்று, ஆசை மாறவில்லை. 2019 இல் பாகிஸ்தான் அரசு 59 வகை வெளுப்புப் பூச்சுகளைச் சோதித்தபோது 56 இல் பாதரசம் அனுமதித்த அளவைக் கடந்திருந்தது. பாதரசம் சிறுநீரகத்தைக் கெடுக்கும். கருவிலுள்ள குழந்தையையும் தாக்கும். நிறத்தைப் பற்றிய ஒரு சொல், பெண்களின் உடம்பில் நஞ்சாக இறங்குகிறது.

“நாடகம் கண்ணாடி போன்றது, உள்ளதைத்தானே காட்டுகிறது?” எனச் சிலர் வினவலாம். தீமையைக் காட்டுவது தீமையன்று. திருமறையும் ஃபிர்அவ்னைக் காட்டுகிறது, காரூனைக் காட்டுகிறது. ஆனால் கண்ணாடி தேர்ந்தெடுப்பதில்லை; கதை சொல்பவர் தேர்ந்தெடுக்கிறார். யார் அமர்வது, யார் நிற்பது, யாருக்குப் பெயருண்டு, யாருக்கு என்ன பரிசு என்பதெல்லாம் அவர் முடிவு. பரீஸாதுக்குக் கிடைத்த பரிசு எது? செல்வம். கறுப்புதான், ஆனால் செல்வந்தன். கறுப்புதான், ஆனால் கவிஞன். ஏழைதான், ஆனால் கெட்டிக்காரி. அந்த ‘ஆனால்’ என்னும் சொல்லில்தான் நோய் இருக்கிறது. அளவுகோல் முறியவில்லை, அளக்கப்பட்டவர் மட்டும் தப்பித்துக்கொண்டார். செல்வமும் புலமையும் இல்லாத கறுத்த பிள்ளைக்கு இக்கதையில் என்ன ஆறுதல்?

இறைமறை, மக்களின் மொழிகளும் நிறங்களும் வேறுபட்டிருப்பதை வானம் பூமியின் படைப்போடு சேர்த்து இறைவனின் அத்தாட்சியாக எண்ணுகிறது. அதில் ‘ஆனால்’ இல்லை. ஸஹீஹுல் புகாரியில் ஒரு நிகழ்ச்சி உண்டு. ரபதா என்னுமிடத்தில் அபூதர் (ரலி) அவர்களைக் கண்ட ஒருவர் வியந்து நின்றார். அவர்கள் அணிந்திருந்ததைப் போன்ற ஆடையையே அவர்களுடைய பணியாளும் அணிந்திருந்தார். காரணம் கேட்டபோது அபூதர் (ரலி) தம் பழைய தவற்றை மறைக்காமல் சொன்னார்கள். ஒருமுறை ஒருவரை அவர் தாயைச் சொல்லி இழித்துரைத்தார்களாம். கறுத்த தாயின் மகன் என்று பிலால் (ரலி) அவர்களையே அவ்வாறு இகழ்ந்ததாக விரிவுரையாளர்கள் குறிப்பிடுவர். அதற்கு நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள், அறியாமைக் காலத்தின் குணம் இன்னும் உம்மிடம் எஞ்சியிருக்கிறது எனக் கண்டித்தார்கள். அத்துடன் நில்லாமல், பணியாளர் உங்கள் சகோதரர். நீங்கள் உண்பதை உண்ணக் கொடுங்கள், உடுப்பதை உடுக்கக் கொடுங்கள் என்று பணித்தார்கள்.

இந்த ஹதீஸை எத்தனையோ ஆண்டுகள் பாடம் நடத்தியிருக்கிறேன். குற்றம் நிறத்தைப் பற்றியது. தீர்ப்போ உணவையும் உடையையும் பற்றியது. நிறத்தையும் தரத்தையும் ஒரே நோயாகக் கண்ட மருத்துவம் அது. மூலத்தின் சொல்லமைப்பில் ‘சகோதரர்’ முதலிலும் ‘பணியாளர்’ பின்னும் வருவது காண்க. அபூதர் (ரலி) சொல்லால் மட்டும் வருந்தவில்லை; எஜமானன் யார், ஏவலன் யார் எனப் பார்ப்பவர் பிரித்தறிய முடியாதபடி உடுத்திக்கொண்டார்கள். அவ்வாறு ஒரு காட்சியை எந்த நாடகம் காட்டியது?

ஃபிக்ஹு நூல்களில் ‘கஃபாஅத்’ என்னும் மணப்பொருத்தம் பேசப்படுகிறதே எனக் கற்றவர் கேட்கலாம். ஆம், குலம், தொழில் முதலியவற்றைச் சட்ட அறிஞர்கள் தத்தம் காலத்துக்கேற்ப எண்ணினர். மார்க்கப்பற்றே முதன்மை என இமாம் மாலிக் கருதினார். எந்தப் பட்டியலிலும் நிறம் இடம்பெறவில்லை. பெண் துன்புறாதிருக்கத் தந்த கேடயத்தை, பெண்ணைத் துன்புறுத்தும் வாளாக்கிக்கொள்வது முறையன்று.

முஸ்லிம் சமுதாயம் இந்நோய்க்கு விலக்காக இருந்ததில்லை. ஹிஜ்ரி 255 இல் மறைந்த பஸ்ராவின் ஜாஹிழ், கறுத்த மக்களின் பெருமையை எடுத்துரைக்கத் தனி நூலே எழுத நேர்ந்தது. நாமும் விலக்கல்லர். மணப்பேச்சுக்கு என்னிடம் வருவோர் “பெண் என்ன நிறம்?” என்று கேட்பார்கள். “கொஞ்சம் கறுப்புதான், ஆனால் நல்ல பிள்ளை” என்று எத்தனை முறை நானே சொல்லியிருக்கிறேன்! பரிந்து பேசுவதாக எண்ணிச் சொன்னேன். அந்த ‘ஆனால்’ என் நாவிலும் இருந்திருக்கிறது.

அன்றிரவு பேத்திக்கு ஜுலைபீப் (ரலி) அவர்களின் வரலாற்றைச் சொன்னேன். அழகற்றவர் என மக்கள் கருதிய தோழர். செல்வமும் இல்லை; குலச் சிறப்பும் இல்லை. நாயகம் (ஸல்) அவர்களே அவருக்காக ஓர் அன்ஸாரிக் குடும்பத்தில் பெண் கேட்டார்கள். தாய் தயங்கினார், மகளோ மனமுவந்து ஏற்றாள். பின்னர் அவர் போரில் வீழ்ந்தபோது, எவரும் நினையாத அவரை நாயகமே தேடிக் கண்டு, குழி தோண்டும் வரை தம் கைகளில் ஏந்தியிருந்தார்கள்.

பேத்தி கேட்டாள்: “அந்தப் பொண்ணுக்குக் கண்ணு தெரியுமா நன்னா?”

“நல்லாத் தெரியும்மா” என்றேன்.

அப்போதுதான் நிமிர்ந்து பார்த்தேன். எங்கள் வீட்டில் வேலை செய்யும் அம்மையார் நிலைப்படியைப் பிடித்தபடி நின்று கேட்டுக்கொண்டிருந்தார். நாடகத்தையும் இத்தனை இரவுகளாக அங்கே நின்றேதான் பார்த்திருக்கிறார். அதை நான் அதுவரை கவனித்ததில்லை. எழுந்து ஒரு நாற்காலியை நகர்த்திப் போட்டேன். அவர் உட்காரத் தயங்கினார். அந்தத் தயக்கம் நாங்கள் கற்பித்தது. அதை மறக்கச் செய்வதும் எங்கள் கடமையே.